குழாயின் விலையை நிர்ணயிப்பது யார்?

முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் போவோர், வெண்குவியல்களாய் உப்பு நிற்கும் அளங்களைக் காண்பர். உப்பு சமையலறைக்கு மட்டுமே உரியது என்று எண்ணுதல் தவறு. அதே சாலையில் தெற்கே சாகுபுரத்திலுள்ள ரசாயனத் தொழிற்சாலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா செய்கின்றனர், பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் பிசினும் அங்கு உற்பத்தியாகின்றது. கிணற்றிலிருந்து வாழைத் தோட்டத்துக்கு நீர் கொண்டு செல்லும் குழாய் இத்தகைய பிசினால் ஆனதே.

உப்பு நம் கரையில் விளைகிறது. குழாயும் நம் நாட்டிலேயே வார்க்கப்படுகிறது. ஆயினும் அதன் விலை நம் கையில் இல்லையே, ஏன்? இதனைப் பஞ்சாயத்து அங்கத்தினரும் விவசாயப் பெருமக்களும் தெரிந்துகொள்வது நலம்.

உப்புநீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரின் வாயு பிரிகின்றது. அதனுடன் எத்திலீன் என்னும் வாயு சேர்ந்து வினைல் குளோரைடு ஆகிறது. அதைத் தொடர் தொடராகப் பிணைத்தால் கிடைப்பதே பி.வி.சி. பிசின். 100 கிலோ பிசினில் ஏறத்தாழ 57 கிலோ குளோரினே ஆகும். அதற்குச் சுமார் 94 கிலோ உப்பு வேண்டும். எஞ்சிய பகுதி பெட்ரோலியம் அல்லது இயற்கை வாயுவிலிருந்து வருவது. அது மலிவாய்க் கிடைக்கும் நாடுகளில் வினைல் குளோரைடு பெருமளவில் உற்பத்தியாகிக் கப்பலேறித் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்குகிறது. நம் உப்பு கரையில் காத்திருக்க, வேற்று நாட்டு உப்பின் குளோரின் கடல் கடந்து வருகிறது என்பதே இதன் பொருள்.

சென்ற நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, ஜப்பான் ஆகியவையே பிளாஸ்டிக் உற்பத்தியில் முன்னின்றன. பின்னர் வளைகுடா நாடுகள் தங்கள் எண்ணெய்க் கிணறுகளின் வாயுவைக் கொண்டு இத்தொழிலில் இறங்கின. 2010-க்குப் பின் பாறை வாயுவின் மலிவால் அமெரிக்கா மீண்டும் வலுப்பெற்றது. இன்று உலக உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சீனாவுடையது. அங்கு நிலக்கரியைக் கொண்டும் பி.வி.சி. செய்கின்றனர். இந்தியாவிலோ தேவை விரைந்து வளர, உற்பத்தி பின்தங்கியது. நம் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது.

இதன் விளைவைக் கண்கூடாகக் கண்டோம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் கடுங்குளிரால் ஆலைகள் நின்றன. குழாய் விலை இங்கும் ஏறிற்று. பின்னர் சீனாவில் கட்டட வேலை மந்தமாகி, மிஞ்சிய பிசின் வெளிநாடுகளுக்குப் புறப்பட்டது. 2022-இல் விலை சரிந்தது. இவ்விரண்டிலும் நம் விவசாயிக்குப் பங்கொன்றும் இல்லை. ஆயினும் அவருடைய செலவுக் கணக்கே மாறிற்று.

கழிவிலும் இத்தகைய மாற்றமே. பிற நாடுகளின் பிளாஸ்டிக் கழிவை வாங்கி வந்த சீனா 2018-இல் கதவை அடைத்தது. அது வேறு துறைமுகங்களை நாடவே, இந்தியாவும் 2019-இல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடை செய்தது. ஆகவே மறுசுழற்சி ஆலைகளுக்கு உள்நாட்டுக் கழிவே மூலப்பொருள். தரம் பிரித்து, சுத்தமாகச் சேர்த்தால் அதற்கு விலை உண்டு. மண்ணும் குப்பையும் கலந்தால் இல்லை.

எனவே நாம் செய்யத்தக்கவை சில. குடிநீர்த் திட்டத்துக்கு மதிப்பீடு தயாரிக்கும் பஞ்சாயத்துகள் சென்ற ஆண்டின் விலையை நம்பாமல், அன்றைய விலையை விசாரித்தல் வேண்டும். ஐ.எஸ். 4985 முத்திரையுள்ள குழாய்களையே வாங்குதல் வேண்டும். அவற்றை வெயிலில் கிடத்தாமல் நிழலில் அடுக்கி, மண்ணுக்குள் பதித்தால் நெடுங்காலம் உழைக்கும். உடைந்த பி.வி.சி. குழாயை ஒருபோதும் எரிக்கலாகாது; நச்சுப் புகை எழும். அதனைப் பால் உறைகளோடும் கலக்காமல் தனியே சேர்க்க வேண்டும். கடலோர ஊர்களில் கிழிந்த நைலான் வலைகளைக் கடலில் விடாமல் கரை சேர்ப்பது, மன்னார் வளைகுடாவின் ஆமைகளுக்கும் பவளப் பாறைகளுக்கும் செய்யும் உதவியாகும்.

உலகச் சந்தையை நாம் நடத்த இயலாது. ஆனால் அது எத்திசையில் செல்கிறது என அறிந்து நடந்தால், ஊர்ப் பணம் வீணாகாமல் காக்கலாம்.