ஒரு சாவிக்குள் மூன்று சாவி!
கார் சாவி தொலைந்தால் என்ன செய்வது?

கல்யாண வீடு. பந்தி முடிந்தது. தாம்பூலப் பையுடன் குடும்பமே கார் அருகே வந்து நின்றது.

அப்பா சட்டைப் பையில் கையை விட்டார். சாவி இல்லை!

மண்டபம் முழுவதும் தேடினார்கள். பந்தி மேஜைக்கு அடியிலும் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

"இதற்கு ஏனப்பா கவலை? சாவி செய்கிறவரைக் கூப்பிடு. அரத்தை எடுத்து ராவி, ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடுவார்" என்றார் தாத்தா.

தாத்தா சொன்னது அந்தக் காலத்துக் காருக்குச் சரி. இந்தக் காலத்துக் காருக்கு அது போதாது. ஏன்?

மூன்று வேலை

இப்போது வரும் ரிமோட் சாவி ஒரு சாவி அல்ல. மூன்று சாவி!

முதலாவது, உலோகத் தகடு. இது பூட்டைத் திருப்பும்.

இரண்டாவது, ரிமோட். இது தூரத்தில் இருந்தே கதவைத் திறக்கும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் புதுப்புது ரகசிய எண்ணை அனுப்பும். ஒரு தடவை அனுப்பிய எண் மறு தடவை செல்லாது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாதது. சாவியின் தலைக்குள் ஒரு சின்னஞ்சிறு "சிப்" இருக்கிறது. சாவி போடும் இடத்தைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. சாவியைத் திருப்பியதும், அந்தச் சுருள் சிப்பைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்கிறது. சிப் ரகசிய விடை சொல்கிறது. விடை சரியாக இருந்தால்தான் என்ஜின் ஓடும். தவறானால் கிளம்பாது. கிளம்பினாலும் ஓரிரு நொடியில் நின்றுவிடும்.

சிப்புக்குப் பாட்டரி கிடையாது. கம்பிச் சுருளே அதற்குச் சக்தி கொடுக்கிறது. ரிமோட்டுக்குத்தான் பாட்டரி. ஆகையால், ரிமோட் வேலை செய்யாவிட்டால் சாவியே கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். முதலில் பட்டன் செல்லை மாற்றிப் பாருங்கள்.

திருடர்களால் வந்தது

1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார் திருட்டு பெருகியது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுத்துச் சலித்தன. "திருடன் கிளப்ப முடியாத கார் வேண்டும்" என்று நெருக்கின. சிப் சாவி பரவியது அப்படித்தான். ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கு இந்தப் பாதுகாப்பு கட்டாயம் ஆயிற்று.

திருடனைத் தடுக்கும் அதே பூட்டு, சாவியைத் தொலைத்த சொந்தக்காரரையும் தடுக்கிறது!

சாவிக்குப் பாடம்

புதுச் சாவிக்குத் தகடு வெட்டினால் மட்டும் போதாது. "இதுவும் நம் வீட்டுச் சாவிதான்" என்று காருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இதைத்தான் "புரோகிராம்" செய்வது என்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு துளை இருக்கும். அதில் கருவியை மாட்டி, புதுச் சிப்பைக் காரின் நினைவில் பதிக்கிறார்கள். பல கார்களில் ரிமோட்டைத் தனியாகப் பதிக்க வேண்டும்.

கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். கார் உங்களுடையதுதான் என்று காட்டினால்தான் சாவி கிடைக்கும்.

வெளி ஆளிடம் கொடுத்தால், வேலை முடியும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.

இதை மறக்காதீர்கள்!

புதுச் சாவி வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் தொலைந்த சாவி எங்கே? அது யார் கையிலோ இருக்கலாம். அந்தச் சாவிக்கும் உங்கள் கார் கிளம்பும்!

"பழைய சாவியைக் காரின் நினைவில் இருந்து அழித்துவிடுங்கள்" என்று கேளுங்கள். அதற்காகக் கையில் உள்ள எல்லாச் சாவிகளையும் கொண்டு போங்கள். அழித்த பிறகு, தொலைந்த சாவியால் என்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனாலும் தகட்டால் கதவைத் திறக்கலாம். ஆகவே, காருக்குள் பணமோ நகையோ வைக்காதீர்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களும் இரண்டு சாவியையும் கேட்டு வாங்க வேண்டும். மற்றச் சாவிகள் இருந்தால் அழிக்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது சாவி

ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்று செய்வது எளிது. இரண்டும் போனால் செலவும் அலைச்சலும் அதிகம். சில கார்களில் சாவியைச் சரிபார்க்கும் பெட்டியையே மாற்ற நேரிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. கார் திருட்டுப் போனால், இன்ஷூரன்ஸ் கம்பெனி இரண்டு சாவியையும் கேட்பது வழக்கம். "ஒன்று எப்போதோ தொலைந்தது" என்றால் வழக்கு வளரும். சாவி தொலைந்த உடனே போலீசில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வது நல்லது. சாவி தொலைந்தால் பணம் தரும் தனிக் காப்பும் உண்டு. உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுக் காருடன் சாவி எண் பொறித்த சிறு வில்லை கொடுத்திருந்தால், அதைச் சாவிக் கொத்தில் மாட்டாதீர்கள். வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

கல்யாண வீட்டுக் குடும்பம் என்ன ஆயிற்று? மூத்த பையன் பஸ் ஏறி வீட்டுக்குப் போனான். பீரோவில் இருந்த இரண்டாவது சாவியை எடுத்து வந்தான். கார் கிளம்பியது!

உங்கள் வீட்டுப் பீரோவில் அந்தச் சாவி இருக்கிறதா? இன்றே பார்த்துவிடுங்கள்!