‘8 மாதம்’ என்னும் கணக்கு

நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு அவருடைய மகன் மட்டும் தனியாக உள்ளே வருவது, வெளிநோயாளர் பிரிவில் எங்களுக்குப் பழகிய காட்சி. கதவைச் சாத்திவிட்டுக் கைப்பேசியை நீட்டுவார். எங்கோ படித்த ஓர் எண் அதில் இருக்கும். “8 மாதம்தான் என்று போட்டிருக்கிறது, டாக்டர். அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்பார். அதற்குள் அவர் மனத்தின் நாள்காட்டியில் ஒரு தேதி குறிக்கப்பட்டிருக்கும்.

அந்த எண் எந்தத் தேதியையும் குறிக்கவில்லை. அது பெரும்பாலும் புள்ளியியலில் ‘இடைநிலை அளவு’ எனப்படுவது. ஒரே நோய் கண்ட 9 பேரைக் கற்பனை செய்துகொள்வோம். நோய் உறுதியான நாள் முதல் அவர்கள் வாழ்ந்த மாதங்களை ஏறுவரிசையில் எழுதினால் 2, 3, 5, 6, 8, 11, 19, 40, 86 என்று வருவதாகக் கொள்வோம். நடுவில் நிற்பவர் ஐந்தாமவர். அவருடைய 8 மாதமே இடைநிலை அளவு. இதே எண்களைக் கூட்டி 9ஆல் வகுத்தால் சராசரி 20 மாதம். இரண்டுமே சரியான கணக்குகள். ஆனால் 9 பேரில் ஒருவர்கூடச் சரியாக 20 மாதம் வாழவில்லை. 8 மாதம் வாழ்ந்தவர் ஒரே ஒருவர்.

இத்தகைய அளவைக் கணிதத்தில் ‘சமவாய்ப்பு மாறி’ என்பார்கள். பெயர் சற்று மிரட்டும், பொருள் எளியது. தாயக்கட்டையை உருட்டும்முன் விழப்போகும் எண் தெரியாது. ஆனால் எந்தெந்த எண் விழக்கூடும், ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்ல இயலும். ஒரு நோயாளியின் வாழ்நாளும் அவ்வாறானதே. மருத்துவம் அறிந்திருப்பது அந்த வாய்ப்புகளின் பரவலை. இடைநிலை அளவு அப்பரவலின் ஒரு புள்ளி மட்டுமே.

இதைத் தம் உடம்பிலேயே கற்றவர் ஸ்டீபன் ஜே கூல்ட். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தொல்லுயிரியல் பேராசிரியர். 1982 ஜூலையில், தம் 40ஆம் வயதில், அவருக்கு வயிற்றறையின் உட்சவ்வைப் பற்றும் மீசோதெலியோமா என்னும் அரிய புற்றுநோய் இருப்பது தெரிந்தது. இது கல்நார்த் தூசியோடு தொடர்புடையது. நோயைப்பற்றி எதைப் படிக்கலாம் என்று அவர் கேட்டபோது, படிக்கத் தக்கதாக எதுவுமில்லை என்று மருத்துவர் தவிர்த்துவிட்டார். (நாங்களும் இதைச் செய்கிறோம், கருணையால்தான் என்று நம்பிக்கொண்டு.) அவர் நேரே நூலகத்திற்குப் போனார். இடைநிலை அளவு 8 மாதம் என்று கண்டு, கால் மணி நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு அவருடைய புள்ளியியல் அறிவு விழித்துக்கொண்டது. பாதிப் பேர் 8 மாதத்திற்கு மேல் வாழ்கிறார்கள். அவர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்பதே அவருடைய அடுத்த கேள்வி. இடப்புறத்தில் பூச்சியம் சுவர்போல் நிற்கிறது. அதற்கும் 8க்கும் இடையில் ஒரு பாதி நெருக்கியடித்து நிற்க வேண்டும். வலப்புறத்திலோ அப்படி ஒரு சுவர் அருகில் இல்லை. ஆகவே மறுபாதி நீண்ட வாலாகப் பரவிச் செல்கிறது. இளமை, நோயின் தொடக்கநிலை, கிடைத்த நல்ல சிகிச்சை ஆகியவற்றை எடைபோட்டு, தாம் அந்த வாலில் இருக்கக்கூடும் என்று முடிவு செய்தார். 1985இல் இதை ஒரு கட்டுரையாகவும் எழுதினார். 20 ஆண்டுகள் கழித்து, 2002இல், வேறொரு புற்றுநோயால் இறந்தார்.

எல்லா நோய்க்கும் வால் இப்படி நீள்வதில்லை. நீண்டாலும் அது வாக்குறுதியாகாது. நம் 9 பேரில் நால்வர் 8 மாதத்திற்கு முன்பே போய்விட்டார்கள். “இவருக்கும் 8 மாதம் என்றுதான் சொன்னார்கள், 7 ஆண்டாக நலமாக இருக்கிறார்” என்று ஒருவரைக் காட்டி மருந்து விற்பவர்கள் உண்டு. அவர்கள் காட்டுவது எப்போதும் ஒன்பதாமவரை. அவர் அந்த மருந்தில்லாமலும் அங்கே இருந்திருப்பார். அதே மருந்தைச் சாப்பிட்டு இறந்தவர்கள் வந்து பேச இயலாது. நிலத்தை விற்று அங்கே போகும்முன் இதை எண்ணிப்பாருங்கள்.

இன்னொன்று: காலம் செல்லச் செல்லக் கணக்கும் மாறும். நம் வரிசையில் ஓராண்டைக் கடந்தவர்கள் மூவர்: 19, 40, 86. அவர்களுள் நடுவர் 40 மாதக்காரர். ஓராண்டு நிறைந்த நாளில் அவருக்கு இன்னும் 28 மாதம் இருக்கிறது. தொடக்கத்தில் படித்த 8 மாதம் அப்போது பொருளற்றுப் போகிறது. ஓராண்டைக் கடந்த பிறகும் அந்தப் பழைய எண்ணைச் சுமந்துகொண்டு, தினமும் பயந்து எழுபவர்களைப் பார்க்கிறேன். ‘ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம்’ என்று காணும் எண்ணுக்கும் வயது உண்டு. அதைக் கணக்கிட, குறைந்தது 5 ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டவர்கள் வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது அன்றைய சிகிச்சை. எனவே, எண்ணைக் காட்டி எங்களிடம் கேட்கும்போது, அது எந்த நிலையில் இருந்த, எந்த வயதினரின், எந்தச் சிகிச்சை பெற்றவர்களின் எண் என்றும் கேளுங்கள். சில நேரங்களில் எங்களுக்கே விடை தெரியாது, அதையும் சொல்வோம்.

அப்பாவிடம் சொல்லலாமா என்பதற்கு என் விடை: எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரையே கேட்போம். உள்ளே அழைத்தால் பலர் “எவ்வளவு நாள்?” என்று கேட்பதில்லை. “பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம் டாக்டர், இருப்பேனா?” என்கிறார்கள். இது இன்னும் நல்ல கேள்வி; புள்ளியியலால் இதற்கு நேராக விடை சொல்ல முடியும். இப்போது புரட்டாசி. நம் கற்பனை வரிசையையே எடுத்துக்கொண்டால், 8 மாதம் தள்ளி வைகாசியில் முகூர்த்தம் என்றால் அதைக் கடப்பவர்கள் 9 பேரில் 4 பேர். 4 மாதத்தில் வரும் தையிலேயே வைத்தால் 7 பேர். அப்படிப்பட்ட நோயில், தையிலேயே நாள் குறியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.