இறக்கை ஏமாற்றும், கால் காட்டிக்கொடுக்கும்

நீர்மேல் நடக்கும் பூச்சிகள் மூழ்காமல் நிற்பது எப்படி என்று சென்ற இதழில் பார்த்தோம். நிற்பது எந்தப் பூச்சி என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. ஜெர்ரிடே குடும்பத்தில் மட்டும் சுமார் 1,700 இனங்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். கரையில் நின்று பார்ப்பவருக்குப் பாதிக்குமேல் ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலில் குடும்பம். அதே குளத்தில் வேலிடே குடும்பத்துப் பூச்சிகளும் ஓடித் திரியும். இரண்டு குடும்பத்துக்கும் நகம் பாதத்தின் நுனியில் இல்லை. சற்று உள்ளே தள்ளி முளைத்திருக்கும். நுனியில் இருந்தால் நீரின் மேற்படலத்தைக் குத்திவிடுமே! ஆகவே நகத்தை விட்டுவிட்டுத் தொடையைப் பார்க்க வேண்டும். ஜெர்ரிடேயில் பின்தொடை வயிற்றின் நுனியைத் தாண்டி நீளும். நடுக்காலும் பின்காலும் அடுத்தடுத்து முளைத்திருக்க, முன்கால் தனியே விலகி நிற்கும். வேலிடேயில் பொதுவாகத் தொடை குட்டை, மூன்று ஜோடிக் கால்களுக்கும் இடைவெளி ஏறக்குறைய சமம்.

அடுத்து வருவது இறக்கை. ஏமாறும் இடமும் இதுதான்.

1758இல் லின்னேயஸ் 'சைமெக்ஸ் லகுஸ்ட்ரிஸ்' என்று பெயரிட்ட ஐரோப்பியப் பூச்சி இன்று ஜெர்ரிஸ் லகுஸ்ட்ரிஸ். ஒரே குளத்தில் இதில் நீண்ட இறக்கையுள்ளதும் இருக்கும், குட்டை இறக்கையுள்ளதும் இருக்கும். பரம்பரையோடு, வளரும் பருவத்தின் பகல் நீளமும் வெப்பமும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. இறக்கையே இல்லாத இனங்களில் இன்னொரு குழப்பம்: வளர்ந்த பூச்சி எது, இளம்பூச்சி எது? பாதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். இளம்பூச்சிக்குப் பாதம் ஒரே கணு. ஐந்தாம் முறை தோலுரித்து வளர்ந்துவிட்டால் இரண்டு கணு.

சில இனங்கள் எளிதில் பிடிபடும். அக்வேரியஸ் பலூடம் என்ற பெரிய பூச்சிக்கு வயிற்றின் இரு ஓரங்களிலும் முள் போன்ற நீட்சி உண்டு. அது வயிற்று நுனியையும் கடந்து நிற்கும். அமெரிக்காவின் ருமாட்டோபேட்டீஸ் ரைலியில் ஆணின் உணர்கொம்பு வளைந்து, கொக்கிகளுடன், பெண்ணின் தலையைப் பற்றிக்கொள்ளத் தோதாக இருக்கும். இப்படிப்பட்ட வெளிப்படையான அடையாளம் வாய்ப்பது அபூர்வம். பெரும்பாலும் ஆணை நுண்ணோக்கியின் கீழ் மல்லாத்தி, வயிற்றின் கடைசிக் கண்டங்களை மெல்லிய ஊசியால் வெளியே இழுத்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை ஒப்பிட்ட பிறகே இனப்பெயரைச் சொல்ல முடியும். பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அடையாளம் காண்பது கடினம். ஜோடியாகச் சிக்கினால் இரண்டையும் ஒரே குப்பியில் போட்டு வைப்பது நல்லது. கைபேசியில் எடுத்த ஒரு படத்துக்கு அவசரமாக இனப்பெயர் எழுதிவிடுவது இந்தப் பூச்சிகளுக்குச் செய்யும் அநியாயம். தவறான பெயர் ஒன்று பட்டியலில் ஏறிவிட்டால் அதை இறக்குவது பெரும்பாடு.

பொறுமையாக உழைத்தவர்களால்தான் இந்தத் துறை நிமிர்ந்தது. டென்மார்க்கின் நில்ஸ் மோலர் ஆண்டர்சன் 1982இல் எழுதிய பெருநூல் இந்தப் பூச்சிகளின் உறவுமுறையையே புதிதாக வகுத்தது. இந்திய இனங்களுக்கு ஆங்கிலேயர் காலத்தில் டிஸ்டன்ட் எழுதிய தொகுதிகள் அடித்தளம். 2002இல் திருமலை வெளியிட்ட பட்டியல் அதன்மேல் எழுந்தது.

குளம், ஓடை தாண்டி, கரையே தெரியாத நடுக்கடலிலும் ஐந்து இனங்கள் வாழ்கின்றன. ஐந்துமே ஹாலோபேட்டீஸ், ஐந்துக்குமே இறக்கை கிடையாது. அவற்றில் மைக்கன்ஸ், ஜெர்மானஸ் இரண்டும் இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. அவற்றின் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)