ஊசிக்குப் பயந்து தள்ளிப் போடும் பல்

ராத்திரி இரண்டு மணி. கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. கிராம்பை அடக்கிக்கொண்டு, 'விடிந்ததும் டாக்டரிடம் போய்விட வேண்டும்' என்று நினைக்கிறோம். விடிகிறது. வலி சற்றுத் தணிகிறது. ஊசியும் மெஷின் சத்தமும் நினைவுக்கு வருகின்றன. 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மனசு மாறிவிடுகிறது.

இது கோழைத்தனம் அல்ல. சிறு வயதில் அழ அழப் பல் பிடுங்கிய நினைவு பலருக்கு நாற்பது வயதிலும் விட்டுப் போவதில்லை. ஆனால் எந்த வலிக்குப் பயந்து தள்ளிப் போடுகிறோமோ, அந்த வலியைத்தான் தாமதம் வளர்க்கிறது.

வலி நின்றால் குணமா?

பல்லின் மேலுறையான எனாமலில் நரம்பு கிடையாது. அதனால் சொத்தை தொடங்குவதே தெரியாது. அடுத்த அடுக்கைத் தொட்டால் கூச்சம். நடுவில் நரம்பு இருக்கும் கூழை எட்டினால் ராத்திரித் தூக்கம் போகும். பிறகு ஒருநாள் வலி தானாக நிற்கலாம். அது குணமானதாக இல்லாமல், நரம்பு செத்துப்போனதாகவும் இருக்கலாம். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஊசி போட்டும் வலிப்பது ஏன்?

மரத்துப் போகச் செய்யும் லிக்னோகைன் 1943-இல் ஸ்வீடனில் உருவானது. இன்றும் பல் மருத்துவத்தில் பரவலாகப் பயன்படுகிறது. சீழ் கோத்த இடத்தில் அமிலத்தன்மை கூடுவதால் இந்த மருந்து நரம்புக்குள் சரியாகப் புகாது. முற்றவிட்டுப் போகிறவருக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்ற பயமும் நம் ஊரில் உண்டு. பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை தரும் நரம்பு வேறு. பல் எடுப்பதால் பார்வை கெடாது.

டாக்டரிடம் என்ன சொல்லலாம்?

* நாற்காலியில் உட்காரும் முன்பே, "எனக்குப் பயம்" என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு இது புதிதல்ல.
* முதல் நாள் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் மட்டும் போதும் என்று கேட்கலாம்.
* கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் உரிமை கையில் இருந்தாலே பாதிப் பயம் குறையும்.
* ஊசிக்கு முன் ஈறில் மரத்துப்போகும் ஜெல் தடவச் சொல்லலாம். சத்தம்தான் பயம் என்றால் காதில் பாட்டு ஓடட்டும்.
* மயக்கம் தருவதாகச் சொல்லியிருந்தால் தவிர, வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.
* சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம், மருந்து ஒவ்வாமை எதையும் மறைக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

இதற்கெல்லாம் அடங்காத பயத்துக்கு, மூக்கு வழியாகத் தரும் நைட்ரஸ் ஆக்ஸைடு போன்ற வழிகள் சில மருத்துவமனைகளில் உண்டு.

காத்திருக்கவே கூடாதது

முகமோ கழுத்தோ வீங்குவது, காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம்: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்துக்குப் பரவும் சீழ் உயிரையே பறிக்கலாம்.

சொத்தை மேலோட்டமாக இருக்கும்போதே போனால், ஊசியே போடாமல் அடைத்துவிட முடிவதும் உண்டு. ஆகவே, ஊசிக்குப் பயப்படுகிறவர்தான் எல்லாருக்கும் முந்திப் போக வேண்டியவர்.