பத்துக் கோடியில் ஒரு பந்தய அணி!



ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அதை வைத்து எஃப் ஒன் ஃபேன்டஸி என்று ஒரு கணக்கு விளையாட்டு இருக்கிறது. ஃபார்முலா ஒன் அமைப்பே நடத்துகிற இலவச விளையாட்டு. பைசா கட்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. விடுதியில் ஃபேன்டஸி என்றாலே, "என்னலே, எவ்வளவு கட்டினே?" என்றுதான் கேட்கிறார்கள். கிரிக்கெட்டில் கட்டி, பரீட்சைக் கட்டணத்தையே விட்டுவிட்டு முழித்த ஒருவனை எனக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டமே நிறைவேற்றியது. நான் சொல்லப் போவது அந்தச் சங்கதி இல்லை.

2025 பருவத்தின் விதிப்படி சொல்கிறேன். கற்பனைப் பணமாக 100 மில்லியன் டாலர், அதாவது பத்துக் கோடி டாலர், நம் கையில் இருக்கும். அதற்குள் 5 ஓட்டுநர்களையும் 2 கார் கம்பெனிகளையும் வாங்க வேண்டும். பெரிய ஓட்டுநர் ஒருவர் 30 மில்லியனை ஒட்டி வருவார். பெரிய கம்பெனியும் அப்படித்தான். மூன்று பெரிய பேரை வாங்கினாலே பணம் காலி. மீதி நான்குக்கு என்ன செய்வது? இங்கேதான் மூளைக்கு வேலை.

யார் வேகமானவர் என்று பார்ப்பது முதல் படிதான். கொடுத்த விலைக்கு எத்தனை புள்ளி வரும் என்பதுதான் சரியான கேள்வி. பந்தயத்தில் முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15 என்று இறங்கும். தகுதிச் சுற்றில் முதலாவதாக வந்தால் 10, பத்தாவதாக வந்தால் 1. புறப்பட்ட இடத்திலிருந்து முன்னேறும் ஒவ்வொரு இடத்துக்கும் 1 கூடும், பின்தங்கினால் 1 குறையும்.

2025 ஜூலை 6, சில்வர்ஸ்டோன், மழை. நிகோ ஹுல்கென்பெர்க் 19-வது இடத்தில் புறப்பட்டு மூன்றாவதாக வந்தார். 239 பந்தயங்களில் அவருக்கு அதுதான் முதல் மேடை. கணக்குப் போடுங்கள்: 15 + 16 = 31. ஜெயித்த நோரிஸ் மூன்றாம் இடத்தில் புறப்பட்டவர்: 8 + 25 + 2 = 35. முதலில் புறப்பட்ட வெர்ஸ்டாப்பன் ஐந்தாவதாக வந்தார்: 10 + 10 - 4 = 16. (வழியில் ஆளை முந்துவதற்கும் தனிப் புள்ளி உண்டு, அதை இங்கே சேர்க்கவில்லை.) நோரிஸ் விலையில் பாதிகூட இல்லாத ஹுல்கென்பெர்க் அவரை ஒட்டி வந்துவிட்டார் பாருங்கள்! தினமும் இப்படி நடக்காதுதான். அதனால் ஒரு பந்தயத்தை மட்டும் பார்க்காமல், கடைசி மூன்று பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டி விலையால் வகுத்துப் பாருங்கள்.

சல்லிசான ஓட்டுநரை எடுக்கும்போது, வண்டி கடைசிவரை ஓடுமா என்றும் பார்க்கணும். பாதியில் நின்றால் 20 புள்ளி போய்விடும். நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் காரில் அமெரிக்கப் பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர் அவரே. அன்று மிஷலின் டயர் பாதுகாப்பில்லை என்று 14 கார்கள் விலகிக்கொள்ள, ஓடியவை ஆறுதான். "ஆறு பேரில் நாலாவதா?" என்று சிலர் சிரிப்பார்கள். எனக்கு அது இளப்பமாகத் தெரியவில்லை. களத்தில் நின்றவனுக்குத்தான் புள்ளி.

அடுத்தது, ஒரே கம்பெனியில் முழுப் பணத்தையும் போடுவது. மெக்லாரன் கம்பெனி, கூடவே அதன் இரண்டு ஓட்டுநர்கள் என்று 2025-ல் பலருக்கு ஆசை. கம்பெனிக்கு அதன் இரண்டு ஓட்டுநர்களின் புள்ளியும் சேரும் என்பதால் ஜெயிக்கும்போது இரட்டை லாபம். ஆனால் அந்த நவம்பரில் லாஸ் வேகாஸில் இரண்டாவதாக வந்த நோரிஸ், நான்காவதாக வந்த பியாஸ்ட்ரி இருவரையும் தகுதி நீக்கம் செய்தார்கள். காரின் அடிப்பலகை தேய்ந்து 9 மி.மீ.க்குக் கீழே போய்விட்டது. குறைந்தது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான்! (மெட்ராலஜி லேபில் கொட்டாவி விடுகிறவர்கள் கவனிக்க.) மூன்று பேரையும் வைத்திருந்தவனுக்கு மூன்று பக்கமும் அடி.

இது எங்க அய்யாவிடம் கேட்டாலே தெரியும். 2018-ல் கோவில்பட்டி சுற்று வட்டாரத்தில் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது. மொத்தக் கரிசலிலும் மக்காச்சோளமே போட்டவர்கள் தவித்துப் போனார்கள். ஒரு பக்கம் உளுந்து, பாசி போட்டவர்கள் கொஞ்சமாவது வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மானாவாரிக்காரன் மழையை நம்பினாலும் ஒரே விதையை நம்புவதில்லை. நான் ஒரு கம்பெனியில் இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை.

விலையும் நின்ற இடத்தில் நிற்காது. நன்றாக ஓடுகிறவர் விலை ஏறும், சொதப்பினால் இறங்கும். பருவத் தொடக்கத்தில் ஏறப்போகிறவரைச் சல்லிசாகப் பிடித்தால், பிற்பாடு நம் 100 மில்லியன் கூடியிருக்கும். கமிஷன் கடைக்காரர் பருத்தி வாங்குகிற மாதிரிதான். ஒரு பந்தயத்துக்கு இரண்டு மாற்றம் இலவசம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி பிடித்துக்கொள்வார்கள். ஒரு தோல்விக்கே கோபப்பட்டு அணியையே மாற்றுகிறவன் அங்கேயே தோற்றான்.

ஒரு ஓட்டுநருக்கு மட்டும் புள்ளியை இரட்டிப்பாக்கலாம். அதைத் தடத்தைப் பார்த்துக் கொடுங்கள். மொனாக்கோவில் தெரு குறுகல், முந்துவது பெரும்பாடு. தகுதிச் சுற்றில் கெட்டிக்காரருக்கே கொடுக்கணும். தகுதிச் சுற்று தொடங்குமுன் அணியைப் பூட்டிவிடுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தின் நேரங்களைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரி மாற்றத்தை முடித்துவிடுங்கள்.