ஈரக் குப்பை தெருவைத் தாண்டக் கூடாது!

வாழைப்பழத் தோல், கத்தரிக்காய்க் காம்பு, நேற்று மிஞ்சிய சாம்பார். அதன் மேலே பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், உடைந்த கண்ணாடி டம்ளர். எல்லாம் ஒரே வாளி! காலையில் "அம்மா, குப்பை!" என்று குரல் கேட்டதும் ஒரே முடிச்சாகக் கட்டி நீட்டியாச்சு. கதவைச் சாத்தியாச்சு. அதோடு வீடு சுத்தம்!

சென்னையில் பல வீடுகளில் தினமும் நடக்கிற கூத்து இது.

அந்த முடிச்சு எங்கே போகிறது? வடசென்னைக்காரரைக் கேட்டால் கொடுங்கையூரைக் காட்டுவார். தென்சென்னைக்காரர் பெருங்குடியைக் காட்டுவார். 1980-களிலிருந்து கொட்டிக் கொட்டி இரண்டு இடத்திலும் மலை எழும்பிவிட்டது.

சென்னை ஒரு நாளைக்குக் கழிக்கிற குப்பை 5 ஆயிரம் டன்னுக்கு மேல். வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை. அதாவது, காயும் பழமும் சோறும். ஓரமாக வைத்தால் தானே மக்கி உரமாகப் போகிற சரக்கு. அதைப் போய் லாரியில் ஏற்றி, டீசல் ஊற்றி, ஊரைச் சுற்றிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டுமா?

தானாகவா எரியும்?

கொட்டினால் சும்மா கிடக்குமா என்றால், கிடக்காது! மேலே மேலே குப்பை விழுந்தால் அடியில் காற்றுப் போகாது. காற்றில்லாமல் அழுகுகிற காய்கறி மீத்தேன் என்ற வாயுவைக் கக்கும். சாண எரிவாயு அடுப்பில் நீல நிறமாக எரிகிறதே, அதே வாயுதான். பக்கத்திலேயே பிளாஸ்டிக் கிடக்கிறது. ஒரு பொறி போதும்.

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி கிடங்கில் பிடித்த தீயை அணைக்கப் பல நாள் ஆனது. சுற்று வட்டாரம் பூராவும் புகை. குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இருமல். கிடங்கை ஒட்டி இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலம். உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் பட்டியலில் அது சேர்ந்ததும் அதே 2022-ல்தான். ஒரு பக்கம் பூநாரைப் பறவை, மறுபக்கம் குப்பைப் புகை!

பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்க எடுத்த வேலையின் மதிப்பு 350 கோடி ரூபாய்க்கு மேல். எந்திரம் என்ன செய்கிறது? மண்ணை ஒரு பக்கமும், பிளாஸ்டிக்கை ஒரு பக்கமும், கல்லை ஒரு பக்கமும் பிரிக்கிறது. அடுப்படியில் அரை நிமிஷத்தில் முடிய வேண்டிய காரியம்!

அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்தால் நஷ்டம் வரிப்பணத்துக்கு மட்டும் இல்லை. முடிச்சை அவிழ்க்கிற கைக்கும்தான். சாம்பாருக்குள் கண்ணாடி இருப்பது தூய்மைப் பணியாளருக்கு எப்படித் தெரியும்? ஊசியும் பிளேடும் நாப்கினும் அதே முடிச்சில். கையுறை போட்டாலும் கண்ணாடி கிழிக்கத்தான் செய்யும்.

கழுநீர்த் தொட்டி

முன்பு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சோறு வடித்த கஞ்சி, அரிசி கழுவிய தண்ணீர், காய்கறித் தோல் எல்லாம் கழுநீர்த் தொட்டிக்குப் போகும். எருமை வைத்திருப்பவர் வந்து எடுத்துப் போவார். ஓட்டைத் தகரத்துக்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது. மிச்சம் இருந்தது அடுப்புச் சாம்பல்தான். அதுவும் பாத்திரம் தேய்க்க ஆச்சு! மாடு ஊரை விட்டுப் போனது. பிளாஸ்டிக் ஊருக்குள் வந்தது. வாளி மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

"லாரியில ஒண்ணாக் கொட்டுறாங்களே!"

"நான் பிரிச்சுக் குடுத்து என்ன பிரயோசனம்? வண்டிக்காரர் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுறாரே!" தெருவுக்குத் தெரு கேட்கிற புகார் இது. பொய்ப் புகாரும் இல்லை.

1989-ல் எம்.பி. நிர்மல் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கினார். தெருக்காரர்கள் மாதாமாதம் சிறு தொகை போட்டு ஆள் வைத்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்த இளைஞர்கள் ட்ரைசைக்கிள் தள்ளி வீடு வீடாக வந்தார்கள். தெரு முனைத் தொட்டி வழிந்து நாறுவது பல இடங்களில் நின்றது. தெருக்காரர் காசு, தெருக்காரர் கண்காணிப்பு!

2000-ல் சென்னையில் மூன்று மண்டலங்களின் குப்பை தனியார் கையில் போனது. பேரம் எப்படி? ஒரு டன்னுக்கு இவ்வளவு! இங்கேதான் சூட்சுமம். தண்ணீர் கனமா, காகிதம் கனமா? எடைக்குப் பணம் என்றால் ஈரக் குப்பைதான் தங்கம். தெருவிலேயே உரம் போட்டால் லாரியில் எடை குறையும். எடை குறைந்தால் வரும்படி குறையும். பிரிக்கச் சொல்லி யார் வற்புறுத்துவார்கள்? அதே 2000-லும், பிறகு 2016-லும் மத்திய அரசு விதி போட்டு, வீட்டிலேயே பிரிக்கச் சொன்னது. விதி ஒரு பக்கம் இழுக்க, துட்டு மறு பக்கம் இழுத்தது. துட்டுதான் ஜெயித்தது. 2020-ல் ஏழு மண்டலங்களுக்குப் போட்ட ஒப்பந்தத்தில்தான் எடைக்குப் பதில், வேலைக்கு மார்க் போட்டுப் பணம் என்று மாற்றினார்கள்.

ஆகவே, "ஒண்ணாக் கொட்டுறாங்க" என்பவருக்குப் பதில் சுலபம். ஈரக் குப்பையைக் கொடுக்காதீர்கள்! அது வீட்டிலோ தெருவிலோ நின்றுவிட்டால், வண்டியில் ஏறுவது காகிதமும் பிளாஸ்டிக்கும் தகரமும்தான். அதை ஒன்றாகக் கொட்டினாலும் பெரிய சேதம் இல்லை. உலர்ந்தது உலர்ந்ததோடு சேர்ந்தால் மறுபடி பிரிக்கலாம். சாம்பார் பட்ட காகிதத்தை யாரும் பிரிக்க முடியாது.

நாறுமா?

"வீட்டுக்குள்ளே உரமா? ஐயையோ, நாறுமே!" நாறாது. நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

பழைய பெயிண்ட் வாளி ஒன்று போதும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை. அடியில் நாலு விரல் கனத்துக்குச் சருகு அல்லது தேங்காய் நார். அதன் மேல் அன்றைய காய்கறிக் கழிவு. பெரிய துண்டாக இருந்தால் நறுக்கிப் போடணும். அதன் மேல் மறுபடி ஒரு பிடி சருகு. கழிவு வெளியே தெரியக் கூடாது. கொஞ்சம் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்தால் சீக்கிரம் மக்கும். மூடி வைத்து, வாரம் ஒரு தடவை குச்சியால் கிளறணும். வாளி நிறைந்ததும் அடுத்த வாளி. முதல் வாளி இரண்டு மாதத்தில் கறுப்பு மண்ணாக, மழை பெய்த தரை மாதிரி வாசனையோடு இருக்கும்.

மீன் முள், கறித் துண்டு, எண்ணெய்க் குழம்பு ஆரம்பத்தில் வேண்டாம். எலி வரும். தேங்காய் ஓடு மக்க வருஷக் கணக்கு ஆகும்.

புழு நெளிந்தால் வாளியைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர்கள் அனேகம். பெரும்பாலும் அது ஒரு வகைக் கறுப்பு ஈயின் புழு. கடிக்காது. குப்பையைத் தின்று வேலையைச் சுருக்குகிறது. கூலி கேட்காத ஆள்! பார்க்கச் சகிக்காவிட்டால் இரண்டு பிடி சருகு கூடப் போட்டால் குறையும்.

சருகுக்கு எங்கே போவது? தெரு ஓரத்தில் குவித்துக் கொளுத்துகிறார்களே, வேப்பிலையும் தூங்குமூஞ்சி இலையும், அதுதான் சருகு! நாற்றத்துக்கு மருந்தைக் கொளுத்திவிட்டு நாற்றத்தை லாரியில் ஏற்றுகிற ஊர் இது.

20 வீடு, 10 கிலோ

அடுக்கு மாடியில் வீட்டுக்கு அரைக் கிலோ ஈரக் குப்பை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 வீட்டுக்கு நாளைக்கு 10 கிலோ. மாதம் 300 கிலோ. கம்பி வலை அடித்த இரண்டு தொட்டி, கார் நிற்கிற இடத்தில் பாதி கூட அடைக்காது. ஒன்று நிறையும்போது மற்றது மக்கும்.

தொட்டி கட்டுவது பெரிய காரியம் இல்லை. கிளறுவது யார் என்பதில்தான் வம்பு! செயலாளர் உற்சாகமாக ஆரம்பிப்பார். மூன்றாம் மாதம் வேலை வாட்ச்மேன் தலையில் விழும், சம்பளம் கூட்டாமல். நாலாம் மாதம் புழு, ஐந்தாம் மாதம் பூட்டு. கிளறுகிற ஆளுக்குத் தனிக் கூலி என்று முதல் நாளே கணக்கில் எழுதாத சங்கம் தொட்டி கட்டாமலே இருக்கலாம்.

மற்றதெல்லாம் சில்லறை. பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுப்பார்கள். கழுவாததைத் தொட மாட்டார்கள். பாக்கெட்டின் மூலையை முழுசாகக் கத்தரித்து வீசாமல் கீறி ஊற்றினால் அந்தத் துண்டு சாக்கடைக்குப் போகாது. நாப்கினும் டயாப்பரும் காகிதத்தில் சுற்றித் தனியாக. கண்ணாடித் துண்டு, பிளேடு அட்டைப் பெட்டிக்குள். வண்டிக்காரரிடம் வாயைத் திறந்து "இதில் கண்ணாடி இருக்குப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லணும்.

சருகை மட்டும் இப்போதே மூட்டை கட்டி வைக்கணும். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் சென்னையில் உலர்ந்த இலை ஒரு பிடி கிடைக்காது. வாளி நாறுவதும் அந்த மாதத்தில்தான்.