சரளை மண்ணும் தொழுவுரமும்

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி, நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்த ஊர் காரக்கோணம். இப்பகுதியில் இரப்பரும் வாழையும் மரவள்ளியும் விளைகின்றன. மரவள்ளியைக் குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்பர். இங்குள்ள சரளை மண்ணுக்குச் செந்நிறம் தருவது இரும்பின் துருவே. பார்வைக்கு அழகிய மண். ஆயினும் வளம் குறைந்தது. இரு பருவமழைகளும் பெய்வதால் சுண்ணாம்பு முதலிய சத்துகள் கரைந்து கீழிறங்க, மண் புளிப்புத் தன்மை அடைகிறது.

சாணமும் வைக்கோலும் தழைகளும் எருக்குழியில் மட்கும்போது, நுண்ணுயிர்கள் அவற்றின் பெரும்பகுதியை உண்டு கரியமில வாயுவாக வெளியிடுகின்றன. எஞ்சும் கரிய பொருளே மட்கு. அது மண் துகள்களைப் பிணைக்கிறது, நீரைத் தேக்குகிறது, சத்துகளைப் பற்றிவைத்து வேருக்குச் சிறிது சிறிதாக வழங்குகிறது. யூரியா மூட்டையில் தழைச்சத்து உண்டு, மட்கு இல்லை.

வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலத்தில் மட்கும் விரைந்து சிதையும். ஆதலால் ஓராண்டு இட்டு மறு ஆண்டு விட்டுவிட்டால் பயன் நிலைக்காது. கோயம்புத்தூரில் 1909ஆம் ஆண்டு தொடங்கிய நிலையான உரச் சோதனையில், ஆண்டுதோறும் தொழுவுரம் பெற்ற பாத்திகளில் கரிமப் பொருள் உரமிடாத பாத்திகளைவிட மிகுந்துள்ளது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வயலில் 1843 முதல் நடைபெறும் சோதனையும் இதனையே காட்டுகிறது.

மரவள்ளிக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. தொழுவங்கள் குறைந்துவிட்ட ஊர்களில் அவ்வளவு எருவுக்கு எங்கே செல்வது? தட்டைப்பயறை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதல் அதற்கொரு மாற்று வழி.